இரட்டை யன்னலில் நடந்தவள்

1

மொன்றியலில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் யூன் கடைசியோடு முடிவதால், யூலை முதலாம் திகதி நகரமே வீடு மாறும். கட்டிலும் மெத்தையும் அடுப்பும் நடைபாதைக்கு வந்துவிடும். ஒரு குடும்பம் படியால் இறக்க, இன்னொரு குடும்பம் அதே படியால் ஏற்றும். நடுப்படியில் சந்திக்கிறவர்கள் கதவின் அகலத்தைப் பற்றி மட்டும் கதைத்துவிட்டுப் போவார்கள். இந்த முறை நாங்களும் அந்தக் கூட்டத்தில் சேருகிறோம். பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்து கோட்-டெ-நெய்ஜ் பகுதிக்கு.

வீட்டைத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது வீட்டுச் சொந்தக்காரரான கிரேக்கரின் கட்டளை. நேற்றுப் பின்னேரம் முன்னறை யன்னலில் தொடங்கினேன். உள் கண்ணாடியில், ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றின் கண் உயரத்தில், நாலைந்து மஞ்சள் வடுக்கள். ஒட்டுநாடாவின் பசை. சவர்க்காரத்துக்கு அசையவில்லை, வினாகிரிக்கும் அசையவில்லை. சவர அலகு ஒன்றை எடுத்து வந்து முதல் வடுவில் வைத்தேன். அதற்கு மேல் கை போகவில்லை. அலகைக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு இந்த யன்னலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இது ஒன்றல்ல, இரண்டு. வீட்டுக்குள்ளே ஒரு கண்ணாடி, ஒரு சாண் தள்ளி வெளியே இன்னொரு கண்ணாடி. நடுவில் அடைபட்டிருக்கிற காற்றுத்தான் குளிரை மறிக்கிறது. கடுங்குளிரில் வெளிக் கண்ணாடியின் ஓரங்களில் உறைபனி இலை இலையாகப் படரும். உள் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். இலைகளுக்கு நடுவே தெரு தெரியும்.

யன்னல் என்றால் எனக்குப் பயம். மட்டக்களப்பில் கடைசி மாதங்களில் விளக்கு எரிகிற அறையில் ஒருவரும் யன்னலோரம் நிற்பதில்லை. வாகனச் சத்தம் கேட்டால் தரையில் இருந்துவிடுவோம். அந்தப் பழக்கமும் என்னோடு விமானம் ஏறி வந்துவிட்டது. இந்த வீட்டில் முதல் வருடங்களில் நான் திரைச்சீலையை விலக்கவே இல்லை. வீட்டில் யாருக்காவது கண் நோயா என்று கிரேக்கர் ஒருநாள் அக்கறையாக விசாரித்தார். மகள் யன்னலண்டை போனால் சட்டையைப் பிடித்து இழுத்துவிடுவேன். இன்றைக்கும் ஹெலிகொப்டர் ஒன்று மேலே போனால் நான் அறியாமலே சுவர்ப்பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.

அப்படிப்பட்டவன் அதே யன்னலில் ஒரு பனிக்காலம் முழுக்க நின்றேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இடமும் வலமுமாக நடந்துகொண்டு.

2

நான் மட்டக்களப்பில் பௌதிகம் படிப்பித்தவன். எண்பத்து நான்கில், மகள் சுகந்தியின் காது வைத்தியத்துக்காக அவளைக் கொழும்புக்குக் கூட்டி வந்திருந்தேன். அந்தக் கிழமையில் ஊரில் என்னைத் தேடி இராணுவத்தினர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மனைவி தவமலர் ஆள் அனுப்பிச் சொன்னாள்: திரும்பி வர வேண்டாம், பிள்ளையோடு அப்படியே வெளியில் போய்விடுங்கள், நான் பின்னால் வருகிறேன். அவள் கொழும்புக்கு வரப் பாதை திறக்கவில்லை. ஒரு மாதத்தில் வந்து சேர்ந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். சுகந்திக்கு அப்போது ஐந்து வயது. அந்த ஒரு மாதம் நாலு வருடமாக நீண்டது.

நாங்கள் இருந்த வீடு பிறகு எரிந்துபோயிற்று. கலியாண எழுத்துப் பத்திரம், படங்கள், எல்லாம் அதோடு முடிந்தன. தவமலர் கல்லடியில் தமக்கை வீட்டில் இருந்தாள். என் சட்டைப்பையில் இருந்தபடியால் தப்பியது ஒரே ஒரு படம். பட்டினத்து ஸ்டூடியோவில், ஏரியும் அன்னமும் வரைந்த திரைக்கு முன்னால் எடுத்தது. நான் கோட்டுப் போட்டுக் கதிரையில் இருக்கிறேன். மடியில் நாலு வயதுச் சுகந்தி. பக்கத்தில் தவமலர் என் தோளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

இங்கே எனக்குக் கிடைத்தது டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவும் வேலை. பின்னேரம் ஐந்து மணிக்குப் போகவேண்டும். சுகந்தி பள்ளிக்கூடத்தால் வருவது நாலு மணிக்கு. இடையில் இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம்தான் எங்கள் குடும்ப வாழ்க்கை. அது முடிந்ததும் அவளைக் கீழ்வீட்டுப் பரிமளக்காவிடம் விட்டுவிட்டு மெட்ரோவுக்கு ஓடுவேன். பரிமளக்கா யாழ்ப்பாணம். மகன் கூப்பிட்டு வந்தவர். வாய் கொஞ்சம் நீளம், மனம் அதைவிட நீளம்.

அந்த மணித்தியாலத்தில் மகளோடு கதைக்கலாம் என்று நான் நினைத்தேன். அவளோ ரீவியைப் போட்டுவிடுவாள். தெருவோரத்தில் யாரோ எறிந்துவிட்டுப் போனதை நான் தோளில் சுமந்து வந்த ரீவி அது. நாலு மணிக்கு அதில் சித்திரப் படங்கள் போகும். யப்பானில் வரைந்து, பிரெஞ்சில் பேசுகிற படங்கள். பெரிய கண்களோடு பிள்ளைகள் மலைகளில் ஓடுவார்கள், வானத்தில் கப்பல் விடுவார்கள், தாயைத் தேடி நாடு நாடாக அலைவார்கள்.

ஒருநாள் ஒரு ரயில் நிலையத்தில் ஒரு சிறுமி திரும்பிப் பார்த்தாள். பார்த்தபடியே உறைந்துபோனாள். வர்ணங்கள் மெல்லக் கரைந்து சுண்ணக்கட்டியால் தீட்டிய ஓவியம்போல ஆகிவிட்டன. பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டி பழுதாகிவிட்டது என்று நினைத்து எழும்பிப் போய் அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினேன். சுகந்தி பிரெஞ்சில் ஏதோ கத்தினாள். நான் விளங்காமல் பார்க்கவும் தமிழுக்கு வந்தாள்.

“அடிக்காதீங்க அப்பா. அது உடையல்ல. அவங்க நிப்பாட்டி வெச்சிருக்காங்க.”

“ஏன் நிப்பாட்டினவங்க?”

“நாங்க பாக்கிறதுக்கு.”

அதன் பிறகும் அந்தப் பனிக்காலத்தில் பலமுறை நான் பெட்டிக்கு அடித்தேன். கை பழகிவிட்டது. ஆனால் அவள் சொன்னது என்னோடு சமையலறைக்கு வந்தது. கொதிநீரின் ஆவியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு யோசித்தேன். ஓடுகிற படத்தை ஒருவன் வேண்டுமென்றே நிறுத்துகிறான் என்றால், ஓட்டம் மறைத்து வைக்கிற எதையோ அவன் காட்ட விரும்புகிறான்.

3

இன்று காலை சுகந்தி பெட்டிகளுக்குப் பெயர் எழுதினாள். எல்லாம் பிரெஞ்சில். சமையல் சாமான் எது, உடுப்பு எது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டால், “திறந்து பாத்தாத் தெரியும்தானே” என்கிறாள். தெப்பனேர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடைக்குப் போனால், “அப்பா, நீங்க கதைக்காதீங்க, நான் கதைக்கிறன்” என்று முந்திக்கொள்வாள். தெருவில் எனக்கு முன்னால் சிறிது தூரம் விட்டுத்தான் நடப்பாள். நான் கோபிப்பதில்லை. பிள்ளைகள் இந்த ஊருக்குள் இறங்கிப் போகிற வேகம் அப்படி. நாங்கள் கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்.

அந்த நாட்களிலும் அவள் தமிழில் நீளமாகக் கதைக்கிற விசயம் ஒன்றே ஒன்றுதான்: அந்தச் சித்திரப் படங்கள். கேட்பதற்கு வீட்டில் நான் ஒருவன்தான் இருந்தேன். எனக்குப் பிரெஞ்சு விளங்காது. ஆகவே அந்தப் படங்களில் கமெரா எப்படி நகர்கிறது என்று சொல்வதற்காக அவள் தமிழுக்கு வந்தாள். அந்த வழி அடைபட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் நானும் படிக்கத் தொடங்கினேன். விடுமுறை நாளில் நூலகத்துக்குப் போய், சித்திரப் படம் எடுக்கும் முறை பற்றி ஆங்கிலத்தில் இருந்த புத்தகங்களைப் பிரித்துவைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறவன்போல இருந்தேன்.

ஒரு மேசை. அதற்கு மேலே நிலத்தை நோக்கித் தொங்குகிற ஒரு கமெரா. மேசையில் கீழே பின்னணி ஓவியம், அதன்மேல் ஒளிபுகும் தாளில் வரைந்த ஆள். ஒவ்வொரு படமாக மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்து நான்கு படம். கிழமைக்கு ஒரு கதை என்று தொலைக்காட்சிக்குக் கொடுக்க வேண்டி வந்தபோது யப்பானியர்களிடம் அத்தனை படம் வரைய நேரமும் இல்லை, ஆளும் இல்லை. ஆகவே வரைவதைக் குறைத்துவிட்டுக் கமெராவை வேலை வாங்கினார்கள். ஒரு பெரிய ஓவியத்தின் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்கு அதை மெதுவாக நகர்த்தினார்கள். நின்றுகொண்டிருக்கிற சனக்கூட்டம் அப்போது திரண்டு வருவதுபோல இருக்கும். ஓடுகிறவனை ஒரே இடத்தில் ஓடவிட்டு, பின்னணித் தாளைப் பின்னால் இழுத்தார்கள். கறுத்தத் தாளில் துளை போட்டுக் கீழே இருந்து விளக்கைப் பாய்ச்சினார்கள். அது நட்சத்திரமாகவும், வாளின் மினுக்கமாகவும், அழப்போகிற கண்ணாகவும் ஆயிற்று.

என்னைப் பிடித்து நிறுத்தியது கண்ணாடி அடுக்கு. இரண்டாம் உலக யுத்த காலத்திலேயே அவர்கள் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். கமெராவுக்குக் கீழே ஒன்றின் கீழ் ஒன்றாகக் கண்ணாடித் தட்டுகள். மேல்தட்டில் பற்றை, நடுத்தட்டில் ஆள், கீழ்த்தட்டில் மலையும் நிலவும். ஒவ்வொன்றையும் வேறு வேறு வேகத்தில் நகர்த்தினால், தட்டையான ஓவியத்துக்குள் ஆழம் பிறந்துவிடும். கிட்ட இருப்பது விரையும், எட்ட இருப்பது தங்கும். இதை நான் கரும்பலகையில் எத்தனை வகுப்புக்கு வரைந்திருப்பேன். மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில் யன்னலோரம் இருந்து பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். தந்திக்கம்பங்கள் பின்னால் பறக்கும், வயல்கள் ஆறுதலாகப் போகும், தூரத்து மலை கொஞ்ச நேரம் கூட வரும், நிலவு இறங்கும்வரை உங்களோடே இருக்கும்.

பிற்காலத்துப் படங்களில் இன்னொன்றைச் சுகந்தி காட்டினாள். சூரியன் கமெராவைப் பார்க்கும்போது வில்லையில் ஒளி தெறித்து வட்டம் வட்டமாக விழுமே, அந்த வட்டங்கள். அங்கே சூரியனும் இல்லை, வெயிலில் நின்ற கமெராவும் இல்லை. யாரோ ஒருவர் குனிந்திருந்து அந்தத் தெறிப்பைத் தூரிகையால் வரைந்திருக்கிறார். யாரோ அங்கே உண்மையாகவே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நாங்கள் நம்புவதற்காக.

4

பனி கொட்டத் தொடங்கிய ஒரு பின்னேரம், படம் முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது சுகந்தி கேட்டாள்.

“அப்பா, அம்மா நடக்கக்குள்ள எப்பிடி இருப்பா?”

பதில் சொல்ல வாய் திறந்தேன். தவமலரின் குரலைச் சொல்லலாம். அவள் கோபித்தால் முந்தானையை எப்படி இழுத்துச் செருகுவாள் என்று சொல்லலாம். நடை வரவில்லை. கண்ணை மூடினால் ஸ்டூடியோப் படம்தான் வந்தது. ஏரி, அன்னம், கதிரை, தோளில் கை.

“எனக்கு அம்மா அசையல்ல அப்பா. படத்தில நிக்கிறா. அவ்வளவுதான்.”

அதே கிழமை குடிவரவு அலுவலகத்தில் இருந்து அழைப்பு வந்தது. தவமலரை இங்கே கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்துக்கு, அவள் என் மனைவிதான் என்று காட்ட வேண்டும். எழுத்துப் பத்திரம் இல்லையென்றால் இருவரும் சேர்ந்து நிற்கிற படங்களையாவது கொண்டு வரவேண்டும். பத்திரத்தின் நகலுக்காகத் தவமலர் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போன போதெல்லாம் ஊரில் கலவரமாகவோ கச்சேரி பூட்டியோ கிடந்தது. கையில் இருந்தது அந்த ஒரு படம். அதை பிஸ்கற் பேணிக்குள் வைத்து, பேணியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்து, தொடக்கூடாது என்று மகளுக்கும் சொல்லிவைத்தேன்.

சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கும் கடையில் இருந்து திரும்பி வந்தபோது முன்னறைத் திரைச்சீலை முழுதாக விலக்கியிருந்தது. சுகந்தி யன்னலுக்கு முன்னால் பக்கவாட்டாக நடந்துகொண்டிருந்தாள். மேசையில் பேணி திறந்து கிடந்தது, அருகே கத்தரிக்கோல். படத்தில் நான் கதிரையில் இருந்தேன், மடியில் மகள் இருந்தாள், பக்கத்தில் தவமலரின் வடிவத்தில் ஒரு ஓட்டை இருந்தது. தாயின் விரல்களை வெட்ட மனமில்லாமல் பிள்ளை அவற்றைச் சுற்றி வெட்டியிருக்கிறாள். என் கோட்டுத் தோளில் ஒரு துண்டும் தவமலரோடு போய்விட்டது.

துணிப்பையோடு அப்படியே தரையில் இருந்துவிட்டேன். அடிக்கவில்லை. அடிக்கக் கை எழவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பரிமளக்கா இடியப்பத் தட்டோடு மேலே வந்தார். மேசையைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். உள் கண்ணாடியில் ஒட்டுநாடாவில் தவமலர் நின்றுகொண்டிருந்தாள்.

“என்ன தம்பி உது? மட்டக்களப்பு ஆக்கள் மந்திரம் போட்டு வந்த ஆளைப் பாயோடை ஒட்ட வைப்பினம் எண்டு கேள்விப்பட்டனான். நீங்கள் பெண்சாதியைக் கண்ணாடியோடை ஒட்டுறியள்.”

“ஒட்டினது நாங்க இல்ல அக்கா. யப்பான்காரன்” என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பகிடி விட்டாலும், உயிரோடை இருக்கிற மனுசியின்ரை படத்தை ஆரும் கத்தரிப்பினமே? ஊரிலையிருந்து ஏதும் சேதி வந்ததோ?”

வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. ரேடியோவில் கேட்ட ஊர்ப்பெயர்கள் எல்லாம் கல்லடியைச் சுற்றி இருந்தன. பௌதிகம் படித்தவன் சகுனம் பார்ப்பானா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எந்தப் பௌதிகமும் தெரியாது. காட்டுவதற்கு இருந்த ஒரே சாட்சி போயிற்று. அதைவிட மோசமாக ஏதும் போய்விட்டதோ?

சுகந்தி என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுதிருந்தாள். ஆனால் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒருக்கா வாங்க அப்பா. திட்டுறதெண்டா பிறகு திட்டுங்க. இஞ்ச நில்லுங்க. குனிங்க. ஒரு கண்ண மூடுங்க. இப்ப மெல்லமா அங்கால போங்க. நீங்கதான் கமெரா.”

வெளிச்சமான யன்னலுக்கு முன்னால், திரை இல்லாமல், நாலு வருடத்தில் முதல் தடவையாக நின்றேன். குனிந்து அவள் உயரத்துக்கு வந்து ஒரு கண்ணை மூடினேன். கண்ணாடிக்கு அப்பால் பனி பெய்துகொண்டிருந்தது. எதிர்வீட்டின் இரும்புப் படிக்கட்டு, பனி மூடிய கார்கள், மூலைக்கடையின் சிவப்பு விளக்கு. நான் வலப்பக்கம் ஓர் அடி வைத்தேன். தவமலர் இடப்பக்கம் போனாள். படிக்கட்டைக் கடந்தாள். கார்களைக் கடந்தாள். வெளிக் கண்ணாடியின் உறைபனி இலைகளுக்குப் பின்னால் தெரு மெதுவாக நகர, அவள் சேலையோடும் வெறுங்கையோடும் பார்க் எக்ஸ்டென்ஷன் பனியில் நடந்து பேருந்துத் தரிப்பிடம்வரை போனாள். நான் திரும்பினேன். அவளும் வீட்டுக்குத் திரும்பினாள்.

“பாத்தீங்களா?” என்றாள் சுகந்தி.

நான் இன்னொரு தடவை போனேன். பிறகு இன்னொரு தடவை. பரிமளக்காவும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, அந்தச் சிறிய அறையின் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவர்வரை நடந்தார்.

“கால் அசையேல்லை” என்றார். “எண்டாலும் போறாள்தான்.”

அலுவலக நாள்வரை தவமலரை யன்னலில் இருந்து எடுக்கவில்லை. நாலு மணிப் படம் முடிந்ததும் நாங்கள் இருவரும் அவளோடு நடந்தோம். வெயில் நாளில் அவள் நிழல்களுக்குள்ளால் போனாள். கடும்பனியில் தெரு முழுக்க வெள்ளையாகி, எங்கே போகிறாள் என்று தெரியாமல் போனாள். அப்போது சுகந்தி நடப்பதை நிறுத்திவிடுவாள். “இப்ப அவ நிக்கட்டும்” என்பாள். எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும்.

5

குடிவரவு அலுவலகத்தில் எங்களை விசாரித்தவர் நடுவயதுப் பெண்மணி. என்னோடு ஆங்கிலத்தில் பேசினார். ஓட்டையுள்ள படத்தையும் வெட்டிய தவமலரையும் மேசையில் அடுத்தடுத்து வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

மகள் ஒரு கமெரா செய்தாள் என்றேன். இந்த மேசைக்கு அது சரியான பதில் அல்ல என்று சொல்லும்போதே தெரிந்தது. பதற்றத்தில் நான் விளக்கத் தொடங்கினேன். கண்ணாடி அடுக்கு, அண்மைப் பொருள், சேய்மைப் பொருள், பார்ப்பவர் நகர்ந்தால் எது எந்தப் பக்கம் நகரும். அரைமணி நேரப் பாடத்தை ஐந்து நிமிடத்தில் எடுத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வெட்டிய உருவம் எந்தப் படத்தில் இருந்தும் வந்திருக்கலாமே என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. ஊரிலும் மெதுவாகக் கேட்கிறவர்களுக்குத்தான் நாங்கள் அதிகம் பயந்தோம்.

சுகந்தி என் கையைத் தொட்டாள். “அப்பா, நான் கதைக்கட்டா?”

கடையில் என்னை முந்திக்கொள்கிற பிள்ளை அன்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வாய் திறந்தாள். பிரெஞ்சில் சொன்னாள். கமெரா, பனி, யன்னல், அம்மா என்ற சொற்கள் மட்டும் அந்த வேகத்துக்குள் மிதந்து வந்து எனக்குப் பிடிபட்டன. பிறகு தவமலரை இரண்டு விரலால் எடுத்து, அந்த அறையின் யன்னலுக்கு நேரே கையை நீட்டிப் பிடித்தாள். அந்தப் பெண்மணியிடம் ஏதோ கேட்டாள். அவர் தயங்கிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், ஒரு கண்ணை மூடினார், தலையைச் சிறிது சாய்த்தார். கதிரையைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் நகர்ந்தும் பார்த்தார்.

அதன் பிறகு அவர் உருவத்தை வாங்கி, படத்தின் ஓட்டைக்குள் வைத்து நகத்தால் மெல்லத் திருப்பினார். தவமலரின் விரல்களுக்குக் கீழே இருந்த துண்டு என் தோளின் பள்ளத்துக்குள் போய் இருந்தது. கோட்டின் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. அந்தக் கோடுகளை அவர் நெடுநேரம் பார்த்தார். சுகந்தியிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் யோசித்து, சுருக்கமாக ஒரு பதில் சொன்னாள். அவர் இரண்டு துண்டையும் ஓர் உறையில் போட்டுக் கோப்போடு இணைத்தார். இது எங்களோடு இருக்கும் என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்.

மெட்ரோவில் கேட்டேன், கடைசியாக என்ன கேட்டார் என்று.

“அம்மாவக் கண்டா உனக்கு அடையாளம் தெரியுமா எண்டு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“தெரியாது எண்டு சொன்னன்.”

“ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?”

“உண்மையத்தான் சொல்லோணும் எண்டு நீங்கதானே சொன்னீங்க.”

அடுத்த தரிப்பிடங்களில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. சுரங்கத்தின் விளக்குகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளை ஒரு சொல்லில் தாயின் வரவை நிறுத்திவிட்டாள் என்றே நினைத்தேன்.

6

யன்னல் வெறுமையாயிற்று. நாலு மணிக்கு நாங்கள் படம் பார்த்தோம். முடிந்ததும் அவள் ரீவியை நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூட வேலையை எடுத்துக்கொண்டாள். தாயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இப்போது அரசாங்கத்திடம்தான் அவளுடைய அம்மா இருந்தாள். வீட்டில் இல்லை.

பனி உருகும் நேரத்தில் தவமலரின் கடிதம் வந்தது. கொழும்பில் இருந்து. பாதை திறந்த ஒரு நாளில் கிடைத்த வாகனத்தில் வந்து சேர்ந்தாளாம். தூதரகத்தில் மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கீழே போனேன். பரிமளக்கா முழுவதையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “பாத்தியளே, மந்திரம் பலிச்சிட்டுது” என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

கோடையில் தவமலர் வருகிற நாள் உறுதியானது. அவள் வந்திறங்குகிற அன்று காலை சுகந்தி வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், சுடவில்லை. போர்வைக்குள் இருந்து கேட்டாள்: “நான் பிழையான ஆளிட்டப் போயிட்டா?” நான் காட்டுவேன் என்றேன். அவள் எழும்பிச் சட்டை மாற்றினாள். எனக்கும் உள்ளூர அதே பயம் இருந்ததை அவளிடம் சொல்லவில்லை. நாலு வருடத்தில் ஒரு முகம் என்னென்ன ஆகியிருக்கும்?

மிராபெல் விமானநிலையம் நகரத்தில் இருந்து வெகுதூரம். வயல்களுக்கு நடுவே பெரிய கறுத்தக் கண்ணாடிப் பெட்டிபோல இருக்கும். பேருந்தில் சுகந்தி யன்னலோரம் இருந்தாள். வருகைக் கதவு திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே கொஞ்சம் வெளிச்சமும் சில மனிதர்களும் தெரிந்து மறைந்தார்கள். நாங்கள் கம்பித் தடுப்பருகே நின்றோம்.

தவமலர் வந்தாள். யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் மெலிந்து, காதோரம் நரைத்து. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக, கிட்டத்தட்ட ஓட்டமாக வந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் நடப்பாள். அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்தவளைப்போல. கண்ட அந்தக் கணத்தில் எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. என்னைக் கண்டாள். முகம் ஒருமுறை நடுங்கியது. பிறகு வண்டியை விட்டுவிட்டு நின்று, பிள்ளையைத் தேடத் தொடங்கினாள்.

அவள் கண்கள் தாழ்ந்து என் இடுப்புக்குக் கீழே போயின. என் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், காலுக்குப் பின்னால் யாரும் ஒளிந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். பக்கத்துக் குடும்பத்தின் சின்னப் பெண் ஒருத்தியில் அந்தப் பார்வை ஒரு கணம் தங்கி, இல்லை என்று விலகியது. என் நெஞ்சைத் தொடுமளவுக்கு வளர்ந்த சுகந்தி எனக்குப் பக்கத்திலேயே நின்றாள். தாயின் பார்வை அவள் சட்டையைக் கடந்து போயிற்று. திரும்பி வந்தது. மறுபடியும் கடந்து போயிற்று. ஐந்து வயதுப் பிள்ளையைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

நான் கையை உயர்த்தப் போனேன். சுகந்தி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தாயையே பார்த்தபடி இருந்தாள். பிறகு முழங்காலை மெல்ல மடக்கினாள். அவசரமில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போனாள். தாயின் கண் தேடிக்கொண்டிருந்த உயரத்துக்கு வந்ததும், அங்கே அசையாமல் நின்றாள்.